மிட்டாய்ப் பையைச் சோதிக்கிறோம், சாலையை மறக்கிறோம்

ஹாலோவீன் மாலையில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது?

முன்பின் தெரியாதவர் எதைக் கொடுத்தாலும் வாங்காதே என்று ஆண்டு முழுவதும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு சமூகம், ஒரே ஒரு மாலை மட்டும் அந்த விதியைத் தானே தளர்த்திக்கொள்கிறது. அக்டோபர் 31. ஹாலோவீன். பொழுது சாயத் தொடங்கியதும் அமெரிக்க, கனடியக் குடியிருப்புத் தெருக்களில் பேய்களும் சூனியக்காரிகளும் ஸ்பைடர்மேன்களும் இறக்கை கட்டிய தேனீக்களும் இறங்கிவிடுவார்கள். வாசல் விளக்கு எரிகிற வீடாகப் பார்த்து மணியை அடிப்பார்கள். கதவு திறந்ததும் “ட்ரிக் ஆர் ட்ரீட்” என்று கூவிப் பையை நீட்டுவார்கள். ஒரு சாக்லேட் விழும். அடுத்த வீட்டுக்கு ஓட்டம். விளக்கு அணைந்திருக்கும் வீட்டை விட்டுவிட வேண்டும் என்பது எங்கும் எழுதிவைக்காத, ஆனால் நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த சட்டம்.

டொராண்டோவின் ஸ்கார்பரோ, அதை ஒட்டிய மார்க்கம், அமெரிக்காவில் நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா என்று தமிழர்கள் திரளாக வாழும் இடங்களில் இது நம் வீட்டுப் பிள்ளைகளின் திருவிழாவும்தான். பள்ளியில் கூடப் படிக்கும் பிள்ளைகள் எல்லாம் வேஷம் கட்டும்போது நம் பிள்ளை மட்டும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்குமா? பிள்ளையோடு தெருவுக்குப் போவது அம்மா அல்லது அப்பா. வாசலில் மிட்டாய்க் கூடையோடு உட்காருவது பல வீடுகளில் அம்மம்மா, அல்லது ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கும் தாத்தா. 2024-இல் தீபாவளியே அக்டோபர் 31-இல்தான் வந்தது. காலையில் எண்ணெய்க் குளியல், மாலையில் பேய் வேஷம் என்று இரண்டு பண்டிகைகளை ஒரே நாளில் கொண்டாடிய பிள்ளைகள் அங்கே உண்டு.

இரவு எட்டு, எட்டரைக்கு எல்லாம் அடங்கிவிடும். பிள்ளை களைத்துப்போய் வீடு திரும்பியதும் ஒரு சடங்கு நடக்கும். பையைத் தரையில் கவிழ்த்து, பெற்றோர் ஒவ்வொரு மிட்டாயாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். உறை கிழிந்திருக்கிறதா? ஊசி குத்திய துளை தெரிகிறதா? யாராவது விஷம் கலந்திருப்பார்களோ? அன்பினால் செய்வதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் உயிருக்கு அன்றைக்கு இருந்த மிகப் பெரிய ஆபத்து அதற்குள் கடந்துபோயிருக்கும். அது மிட்டாய்ப் பையில் இல்லை. இரண்டு மணி நேரமாக அது பிள்ளைக்குச் சில அடி தள்ளிச் சாலையில் போய்க்கொண்டிருந்தது.

ஆறு மணியின் கணக்கு

கனடாவைச் சேர்ந்த ஜான் ஸ்டேப்பிள்ஸ், டொனால்ட் ரெடல்மயர் உள்ளிட்ட மருத்துவ ஆய்வாளர்கள், அமெரிக்காவில் 1975 முதல் 2016 வரையிலான 42 ஆண்டுகளின் சாலை விபத்துப் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஹாலோவீன் அன்று மாலை ஐந்து மணியிலிருந்து நள்ளிரவு வரை வாகனம் மோதி இறந்த பாதசாரிகள் எத்தனை பேர், அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் அதே நேரத்தில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒப்பிட்டார்கள். 42 ஹாலோவீன் மாலைகளில் 608 பேர். மற்ற 84 மாலைகளில் 851 பேர். அதாவது ஹாலோவீன் மாலையில் பாதசாரி இறக்கும் அபாயம் மற்ற மாலைகளைவிட 43 விழுக்காடு அதிகம். இந்த முடிவுகள் 2018 அக்டோபர் இறுதியில் ஜாமா குழந்தை மருத்துவ இதழில் வெளிவந்தன.

வயது வாரியாகப் பிரித்தபோது வந்த எண்தான் நெஞ்சை அடைக்கிறது. நான்கு முதல் எட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு அந்த அபாயம் பத்து மடங்கு. விபத்துகள் உச்சத்தைத் தொட்டது மாலை ஆறு மணியை ஒட்டி.

ஏன் ஆறு மணி என்று கேட்டால், பல காரணங்கள் அந்த ஒரு மணி நேரத்தில் வந்து குவிகின்றன. இப்போது அக்டோபர் கடைசியில் நியூயார்க்கில் ஆறு மணிக்குச் சற்று முன்பும், டொராண்டோவில் ஆறைத் தாண்டிய சில நிமிடங்களிலும் சூரியன் மறைகிறது. முழு இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. வண்டி ஓட்டுபவரின் கண் இருட்டுக்குப் பழகுவதற்குள் தெருவில் கறுப்பு அங்கி அணிந்த சின்ன உருவங்கள் நிறைந்துவிடுகின்றன. அதே வேளையில்தான் அலுவலகம் விட்டு எல்லோரும் வீடு திரும்புகிறார்கள், தன் பிள்ளையை அழைத்துக்கொண்டு போக நேரமாகிவிட்டதே என்ற அவசரத்தில் வருகிற அப்பாக்களும் அம்மாக்களும் உட்பட. அன்று விருந்துக்குப் போய்க் குடித்துவிட்டு வண்டி எடுப்பவர்களும் உண்டு. பொழுது இருட்ட இருட்ட அவர்கள் கூடுகிறார்கள்.

2007-க்கு முன்பு, அதாவது அந்த ஆய்வின் பெரும்பாலான ஆண்டுகளில், ஆறு மணி இன்னும் இருட்டாக இருந்தது. அப்போது குளிர்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே திருப்பிவைப்பது அக்டோபர் கடைசி ஞாயிறில். அதனால் ஹாலோவீன் அன்று ஐந்து மணிக்கே இருட்டிவிடும். 2005-இல் அமெரிக்காவில் நிறைவேறிய எரிசக்திச் சட்டத்தால் அந்த நாள் நவம்பர் முதல் ஞாயிறுக்குத் தள்ளிப்போனது. பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரப் பகல் கூடுதலாகக் கிடைத்தது. கிடைத்த அந்த வெளிச்சத்தைப் பயன்படுத்திக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது. நான்கைந்து வயதுப் பிள்ளை ஏழு மணி இருட்டில் போய்த்தான் ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஐந்தேகாலுக்குக் கிளம்பினால் இருபது வீடுகள் ஏறி இறங்கி, இருட்டு கனப்பதற்குள் திரும்பிவிடலாம். அந்த வயதுக்கு இருபது வீடே பெரிய உலகம்.

பிள்ளையின் கண்ணும் காரின் முகமும்

சாலையைக் கடக்கும்முன் இரண்டு பக்கமும் பார் என்று சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். பார்ப்பது வேறு, கணிப்பது வேறு. எதிரே வருகிற வண்டி எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறது என்பதைக் கண் மூளைக்குச் சொல்ல வேண்டும். அந்தத் திறன் சிறு வயதில் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. மணிக்கு 20 மைல், அதாவது சுமார் 32 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி வருகிற வண்டி தன்னை நோக்கி வருகிறது என்பதைத் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளால் உறுதியாகக் கணிக்க முடிவதில்லை என்று லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். பிள்ளை பார்த்துவிட்டுத்தான் ஓடியிருக்கும். கார் தூரத்தில் நிற்பதாகவே அதற்குத் தோன்றியிருக்கும். அதைத் திட்டிப் பயனில்லை. கையைப் பிடித்துக்கொள்வது ஒன்றே வழி.

இதோடு முகமூடியும் சேர்ந்தால்? இரண்டு சின்னத் துளைகள் வழியே உலகத்தைப் பார்க்கும் பிள்ளைக்குப் பக்கவாட்டில் வருவது எதுவும் தெரியாது. நடக்க நடக்க முகமூடி நழுவி ஒரு கண்ணை மறைக்கும். குழந்தை மருத்துவர்கள் ஆண்டுதோறும் சொல்வது, முகமூடியைவிட முகத்தில் வண்ணம் தீட்டுவது மேல் என்பதைத்தான். அதிலும் ஒரு எச்சரிக்கை. வண்ணத்தை முதல் நாளே முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பார்த்துவிட வேண்டும். அரிப்போ தடிப்போ வந்தால் முகத்துக்கு வேண்டாம். கணுக்காலுக்குக் கீழே தொங்கும் அங்கி, அம்மாவின் உயர்குதி செருப்பு, கையில் நீட்டிய பிளாஸ்டிக் வாள், இவை எல்லாம் வாசற்படியில் தடுக்கி விழவைப்பவை. இளவரசி வேஷமானாலும் காலில் பள்ளிக்கூட ஷூதான் இருக்க வேண்டும்.

கனடாவில் இன்னொரு சிக்கல். அக்டோபர் கடைசியில் குளிர் எலும்பைத் தொடும். சில ஆண்டுகளில் மழையும் காற்றும் சேர்ந்துகொள்ளும். 2019-இல் புயல் எச்சரிக்கை வந்தபோது மாண்ட்ரியல் நகர மேயர் வலேரி பிளாண்ட், மிட்டாய் வாங்கப் போவதை நவம்பர் 1-க்கு ஒத்திவைக்கும்படி பெற்றோரைக் கேட்டுக்கொண்டார். சாதாரண ஆண்டிலும் வேஷத்துக்கு மேல் தடித்த கோட்டு போட்டே ஆக வேண்டும். அந்தக் கோட்டு கறுப்பாகவோ கருநீலமாகவோ இருந்தால், வேஷத்தில் ஒட்டிய ஒளிரும் பட்டை முழுக்க உள்ளே மறைந்துபோகும். பட்டையைக் கோட்டின் முதுகிலும் கையிலும் மிட்டாய்ப் பையிலும் ஒட்ட வேண்டும். டாலர் ஸ்டோரில் மலிவாகக் கிடைக்கும் பொருள்தான். பிள்ளையின் கையில் ஒரு சின்ன டார்ச்சும் கொடுங்கள். அதற்கு வழி தெரிவது ஒரு பக்கம். அது அங்கே இருப்பது மற்றவர்களுக்குத் தெரிவதுதான் முக்கியம்.

வண்டிகளும் மாறிவிட்டன. பெரிய பிக்கப் லாரிகளும் எஸ்யூவிகளும் நிறைந்த தெருக்கள் இவை. பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயரமாக இருக்கும் வண்டிகள், தாழ்ந்து சரிந்த முகப்பு கொண்ட வண்டிகளைவிட, மோதினால் பாதசாரியின் உயிரைப் பறிக்கும் வாய்ப்பு சுமார் 45 விழுக்காடு அதிகம் என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நான்கு வயதுப் பிள்ளையின் சராசரி உயரம் ஒரு மீட்டர், ஏறக்குறைய அதே 40 அங்குலம். அப்படி ஒரு வண்டிக்கு நேர்முன்னே பிள்ளை நின்றால் ஓட்டுநருக்குத் தெரிவது வெறும் தெருதான்.

ஆகவே கடப்பது எப்போதும் தெருமுனையில். நிறுத்திவைத்த இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து ஒருபோதும் கூடாது. ஒரு பக்கத்து வீடுகளை எல்லாம் முடித்துவிட்டு, ஒரே முறை கடந்து, மறுபக்கத்தைத் தொடங்குவது நல்லது. எதிர்வீட்டு வாசலில் ஆளுயர எலும்புக்கூடு நிற்கிறது, கூடப் படிக்கும் தோழன் கையசைக்கிறான் என்றெல்லாம் குறுக்கே ஓட ஆயிரம் காரணம் வரும். அந்த ஆயிரத்துக்கும் சேர்த்துக் கிளம்பும்முன்னே பேசிவைத்துவிட வேண்டும். வீட்டு முகப்புகளில் டிரைவ்வே வழியே பின்னோக்கி வரும் கார்களும் கவனத்துக்கு உரியவை. நடைபாதையில்தானே போகிறோம் என்ற நிம்மதி அங்கே செல்லாது. பன்னிரண்டு வயது ஆகும்வரை பெரியவர் ஒருவர் கூடவே போக வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தைப் பாதுகாப்பு அமைப்புகளின் பொதுவான அறிவுரை. ஒன்பது வயது அக்கா கூடப் போகிறாளே என்பது போதாது. வேகத்தைக் கணிக்க அவளும் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறாள். கூடப் போகிற பெரியவரும் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டுப் போக வேண்டும். படம் எடுப்பது வாசலில் நிற்கும்போது மட்டும்.

விஷ மிட்டாய்க் கதை எங்கிருந்து வந்தது

ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பயம் அமெரிக்கப் பெற்றோரை ஆட்டுகிறது: ஆப்பிளுக்குள் பிளேடு, மிட்டாய்க்குள் விஷம், அதைக் கொடுப்பவர் முகம் தெரியாத ஒரு கொடூரர். டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், 1958-இலிருந்து வெளிவந்த செய்திகளை ஒவ்வொன்றாகத் துருவிப் பார்த்தார். 1985-இல் முதல் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்ட பிறகும் ஆண்டுதோறும் தேடிக்கொண்டே இருந்தார். முன்பின் தெரியாத ஒருவர் வீடு தேடி வந்த பிள்ளைகளுக்கு விஷ மிட்டாய் கொடுத்து, அதனால் ஒரு பிள்ளை இறந்ததாகவோ கடுமையாகப் பாதிக்கப்பட்டதாகவோ உறுதியான ஒரு நிகழ்வைக்கூட அவரால் காண முடியவில்லை.

பயத்துக்கு வித்திட்ட மரணங்கள் உண்டு. அவற்றின் உண்மை வேறு. 1970-இல் டெட்ராய்ட் நகரில் ஐந்து வயதுச் சிறுவன் ஹெராயினால் இறந்தான். அது உறவினர் வீட்டில் ஒளித்துவைத்திருந்த போதைப்பொருள். வெளியே தெரியாமலிருக்க அதைப் பின்னர் மிட்டாயில் தூவிவைத்ததாகத் தெரியவந்தது. 1974-இல் டெக்சஸ் மாநிலத்தில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் சயனைடு கலந்த மிட்டாய்த் தூளைத் தின்று இறந்தான். கொடுத்தது யாரோ ஒரு அந்நியர் இல்லை, பெற்ற தகப்பன் ரொனால்ட் கிளார்க் ஓ’பிரையன். காப்பீட்டுப் பணத்துக்காகச் செய்தது. பழியை முகம் தெரியாத வீட்டுக்காரர் மேல் போட இந்த வதந்தியையே திரையாக்கிக்கொண்டான். தன் மகளுக்கும் வேறு மூன்று பிள்ளைகளுக்கும் அதே மிட்டாயைக் கொடுத்திருந்தான். நல்லவேளை, அவர்கள் தின்னவில்லை. 1984-இல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

1982-இல் சிகாகோ பகுதியில் கடையில் வாங்கிய டைலனால் வலிநிவாரணிக் கேப்ஸ்யூலில் சயனைடு கலந்திருந்து ஏழு பேர் இறந்தபோது, அடுத்து வந்த ஹாலோவீன் அச்சத்தில் உறைந்தது. மிட்டாயை இலவசமாக எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத் தருகிறோம் என்று மருத்துவமனைகள் முன்வரும் வழக்கமும் பரவியது. எக்ஸ்ரேயில் உலோகம் தெரியும், விஷம் தெரியாது. பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்ததும் பெற்றோர் பயம் தீர்ந்து வீட்டுக்குப் போனார்கள்.

அன்றைய மாலை பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்கள் பெருகும் என்றொரு அச்சமும் உண்டு. 30 மாநிலங்களில் 1997 முதல் 2005 வரை பதிவான, குடும்பத்துக்கு வெளியே நடந்த 67,000-க்கு மேற்பட்ட குற்றங்களை ஆராய்ந்தவர்கள், ஹாலோவீன் நாளில் எந்த உயர்வையும் காணவில்லை.

அப்படியானால் மிட்டாயைப் பார்க்கவே வேண்டாமா? பார்க்கத்தான் வேண்டும். தேட வேண்டியது வேறு.

பொட்டலத்துக்குள் உண்மையில் இருப்பது

நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கெட்டியான மிட்டாய், முழு வேர்க்கடலை, பாதாம், பாப்கார்ன், சூயிங்கம், ஒட்டிக்கொள்ளும் கேரமல் எதையும் கொடுக்கக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் அறிவுரை. அந்த வயதில் கடைவாய்ப் பற்கள் அரைப்பதற்குப் பழகியிருக்காது. மூச்சுக்குழாயோ குழந்தையின் சுண்டுவிரல் பருமன்தான். உருண்டையான மிட்டாய் அதில் மூடி போட்டதுபோல் உட்கார்ந்துவிடும். அமெரிக்காவில் 2001 முதல் 2009 வரை, உணவு தொண்டையில் சிக்கி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து உயிர் பிழைத்த பிள்ளைகள் ஆண்டுக்குச் சராசரியாக 12,000-க்கும் மேல். அவர்களின் தொண்டையில் சிக்கியவற்றில் முதலிடம் கெட்டி மிட்டாய்க்கு.

எனவே தெருவில் நடந்துகொண்டே தின்னக் கூடாது. ஓடும் பிள்ளையின் வாயில் லாலிபாப் இருக்கவே கூடாது. கிளம்பும்முன் வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்து அனுப்பினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். இடியப்பமோ தோசையோ, எது பிடிக்குமோ அது. வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, பெரியவர் பிரித்துக் கொடுத்த பிறகே மிட்டாய். அண்ணன் பையிலிருந்து இரண்டு வயதுத் தங்கை எடுத்துத் தின்பதுதான் பலரும் எதிர்பாராதது. ஆகவே பைகளை உயரமான இடத்தில் வையுங்கள்.

சிக்கிக்கொண்டுவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளை சத்தமாக இருமினால் இருமவிடுங்கள், அதுவே வெளியே தள்ளும். சத்தம் வராமல், மூச்சு வராமல், முகம் நீலம் பாரித்தால், ஒரு வயதைத் தாண்டிய பிள்ளையை முன்னே குனியவைத்து இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்ட வேண்டும். பிறகு பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கு மேலே மூடிய கைமுஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்த வேண்டும். அடைப்பு வெளியே வரும்வரை இரண்டையும் மாறிமாறிச் செய்யுங்கள். பிள்ளை நினைவிழந்தால் தரையில் படுக்கவைத்து மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். ஒரு வயதுக்குள் இருக்கும் கைக்குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. முதுகில் தட்டலும் மார்பில் அழுத்தலும் மட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவக் கூடாது, அது இன்னும் உள்ளே போய்விடும். கூட இருப்பவர் அதே நேரத்தில் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்க வேண்டும். வாசலில் மிட்டாய்க் கூடையோடு உட்காரும் அம்மம்மாவுக்கும் இந்த எண்ணும் வீட்டு முகவரியும் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

அடுத்தது ஒவ்வாமை. அமெரிக்காவில் ஏறக்குறைய 13 பிள்ளைகளுக்கு ஒருவர் உணவு ஒவ்வாமையோடு வாழ்கிறார். வேர்க்கடலை, முந்திரி, பால், முட்டை என்று ஒவ்வொருவருக்கு ஒவ்வொன்று. ஹாலோவீனுக்கு வரும் குட்டி சாக்லேட்டுகளில் உட்பொருள் பட்டியல் பல நேரம் இருப்பதில்லை. பெரிய சாக்லேட்டில் இல்லாத கடலை, அதே பெயருள்ள குட்டி சாக்லேட்டில் இருக்கவும் கூடும். பட்டியல் இல்லாத மிட்டாய் அந்தப் பிள்ளைக்கு ஆகாது. டென்னசி மாநிலத்தில் ஒரு தாய் தொடங்கி, 2014 முதல் நாடு முழுவதும் பரவிய நல்ல வழக்கம் ஒன்று இருக்கிறது. நீலப்பச்சை வண்ணம் பூசிய பூசணிக்காயை வாசலில் வைத்தால், இந்த வீட்டில் மிட்டாய் அல்லாத பரிசும் உண்டு என்று பொருள். பென்சில், ஸ்டிக்கர், குட்டி டப்பாவில் சோப்புக் குமிழி என்று எதுவும் கொடுக்கலாம். நம்மவர்கள் வீடுகள் அத்தனையிலும் இது ஒன்று இருக்கலாம், செலவு ஒன்றும் பெரிதில்லை.

கஞ்சா கலந்த மிட்டாய் பற்றிய கவலை புதியது. இதில் பயப்படக் காரணம் உண்டு, ஆனால் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து அல்ல. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி விற்பனையாகிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும் அப்படியே. பார்ப்பதற்குக் குழந்தைகளின் கம்மி மிட்டாய் போலவே இருக்கும் கஞ்சா மிட்டாயை ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் தெரியாமல் தின்றதாக அமெரிக்க நச்சுத் தடுப்பு மையங்களுக்கு 2017-இல் வந்த அழைப்புகள் 207. 2021-இல் அவை 3,054. இவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் வீட்டுக்குள்ளேயே நடந்தவை. வளர்ந்த மகனோ விருந்தினரோ மேசையில் விட்டுப்போனதைப் பிள்ளை எடுத்திருக்கிறது. வீட்டில் யாரிடமாவது அது இருந்தால் பூட்டிவைக்க வேண்டும். இதைத் தமிழ் வீடுகளில் வாய்விட்டுப் பேசக் கூச்சப்படுகிறோம். பிள்ளை காரணமில்லாமல் தள்ளாடினால், எழுப்ப முடியாதபடி தூங்கினால் கூச்சம் பார்க்காமல் மருத்துவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்.

நெருப்பும் பாலியெஸ்டரும்

2014 ஹாலோவீனில் பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொகுப்பாளர் கிளாடியா விங்கிள்மனின் எட்டு வயது மகளின் வேஷ உடை மெழுகுவத்தியில் பட்டுப் பற்றிக்கொண்டது. பிள்ளை பிழைத்தது, ஆனால் கடும் தீக்காயம். அணைத்த பிறகும் உடை மீண்டும் மீண்டும் பற்றியதைப் பின்னர் பிபிசி நிகழ்ச்சியில் அவரே சொன்னபோதுதான், பிரிட்டனில் வேஷ உடைகள் உடையாக அல்ல, பொம்மை என்ற வகையில்தான் சோதிக்கப்படுகின்றன என்பது பலருக்கும் தெரிந்தது. இரவு உடைக்கு இருந்த கடுமையான தீச்சோதனை அவற்றுக்கு இல்லை. அதன் பிறகு கடைகள் பலவும் தாமாகவே கடுமையான சோதனைக்கு முன்வந்தன.

இதில் நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கம்பி மத்தாப்பைக் கையில் கொடுக்கும்முன் பாவாடை நைலானா பருத்தியா என்று தொட்டுப் பார்க்கும் பாட்டிகளின் பிள்ளைகள் நாம். அந்தக் கைப்பழக்கத்தை ஹாலோவீன் கடையிலும் காட்டினால் போதும். அகன்ற கை, இழுபடும் அங்கி, மெல்லிய வலைத்துணி இவை சட்டென்று பற்றும். தீயெதிர்ப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த முத்திரை, உடை எரியவே எரியாது என்று உத்தரவாதம் தருவதில்லை, தீ எளிதில் பற்றிப் பரவாது என்கிற அளவுக்குத்தான். உள்ளே முழுக்கைப் பருத்திச் சட்டை போட்டுவிடுவது நல்லது, குளிருக்கும் ஆகும். வாசலில் முகம் குடைந்து வைக்கும் பூசணிக்காய்க்குள் மெழுகுவத்திக்குப் பதில் பேட்டரி விளக்கை வைத்துவிட்டால் இந்த ஆபத்தே இல்லை. வாசலில் விளக்கேற்றும் தமிழ் வீடுகள், தீபாவளியை ஒட்டிய ஆண்டுகளில் அகல்களைப் பிள்ளைகள் வரும் வழியிலிருந்து தள்ளி, உயரத்தில் வைக்க வேண்டும்.

பூசணியைக் குடைவதிலும் கத்தி வேலை பெரியவர்களுடையது. முகத்தை வரைவதும் விதையை அள்ளுவதும் பிள்ளைக்குப் போதும். இருட்டில் ஒளிரும் குச்சியைப் பிள்ளை கடித்து உடைத்துவிட்டால் பதற வேண்டாம், அந்தத் திரவம் வாய் எரிச்சல் தருமே தவிரப் பெரும்பாலும் பெரிய கேடில்லை. வாயைக் கழுவிவிட்டு நச்சுத் தடுப்பு மையத்தை அழைத்துக் கேளுங்கள். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். நாய் இருக்கும் வீட்டுக்காரர்கள் அன்று மாலை அதை உள்ளறையில் வைத்திருப்பது இரு தரப்புக்கும் நல்லது. விடாமல் மணி அடிக்க, விநோத உருவங்கள் வந்து நிற்க, சாதுவான நாயும் மிரண்டுபோகும்.

பெற்றோர் மட்டும் போதாது

இதுவரை சொன்னவை எல்லாம் பிள்ளையின் பக்கத்திலிருந்து செய்பவை. ஆனால் ஒரு நாட்டில் பத்து மடங்கு ஆபத்து நாற்பது ஆண்டுகளாகத் தொடர்கிறது என்றால், அதைப் பெற்றோரின் கவனக்குறைவு என்று முடித்துவிடுவது அநியாயம். ஒளிரும் பட்டை ஒட்டு, டார்ச் கொடு, கையைப் பிடி என்று பட்டியலை முழுக்கப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டு, காரை மட்டும் வழக்கம்போல் ஓடவிடுகிறோம். அந்தச் சாலை விபத்து ஆய்வாளர்களே ஹாலோவீனை ஒழிக்கச் சொல்லவில்லை. அன்று ஒரு நாள் மட்டுமல்லாமல் ஆண்டு முழுவதும் குடியிருப்புத் தெருக்களில் வேகத்தைக் குறைக்க வழி செய்யுங்கள் என்ற பக்கம்தான் அவர்கள் வாதம் போகிறது.

வழி இல்லாமல் இல்லை. நியூயார்க் நகரம் 2022-இல் ஏறக்குறைய நூறு தெருக்களை ஹாலோவீனை ஒட்டிக் கார் இல்லாத தெருக்களாக்கிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டது. பல ஊர்களில் தேவாலய, பள்ளி வாகன நிறுத்துமிடங்களில் கார்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின் டிக்கியை அலங்கரித்து, பிள்ளைகள் காருக்குக் கார் போய் மிட்டாய் வாங்கும் ஏற்பாடும் நடக்கிறது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அது நல்ல இடம். எனினும் தெருத் தெருவாகப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும் மாலைக்கு அது ஈடாகாது என்பதே என் எண்ணம். குளிர்காலம் முழுக்கக் கதவடைத்துக்கொள்ளும் ஊர்களில், ஐந்தாவது வீட்டில் இருப்பவர் யார் என்று பிள்ளைக்குத் தெரியவரும் மாலை அது. அதைப் பயத்துக்குப் பறிகொடுக்கக் கூடாது, காருக்கும் பறிகொடுக்கக் கூடாது.

ஸ்கார்பரோவிலோ நியூ ஜெர்சியிலோ இருந்து இதைப் படிப்பவர்கள், உங்கள் தெருவை அன்று மாலை மூன்று மணி நேரம் மூடித்தரும்படி நகர்மன்ற உறுப்பினருக்கு இப்போதே எழுதுங்கள். அக்டோபரில் கேட்டால் அனுமதிக்கு நேரம் போதாது. தெருவாசிகள் சேர்ந்து கேட்டால் மறுப்பது கடினம். அது கிடைக்காவிட்டாலும், அக்டோபர் 31 அன்று மாலை ஐந்திலிருந்து எட்டரை வரை அவசர வேலை இல்லாதவர்கள் காரை எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டியவர்கள் குடியிருப்புத் தெருவுக்குள் நுழைந்ததும் முகப்பு விளக்கைப் போட்டு, கைபேசியைத் தொடாமல், மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் வாருங்கள். டிரைவ்வேயிலிருந்து பின்னே எடுக்கும்முன் இறங்கி வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள்.